தோற்பதற்கு ஓர் ஆள்

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில், ஒரே நாள் காலையில், இரண்டு பேர் ஜனாதிபதியாகப் பதவியேற்றுக்கொண்டார்கள். ஒருவர் கால்பந்து மைதானத்தில் சத்தியப் பிரமாணம் எடுத்தார். இன்னொருவர் துறைமுகக் கிடங்கு ஒன்றில் எடுத்தார். இரண்டு இடத்திலும் பேண்டு வாசித்தது ஒரே கோஷ்டிதானாம், லாரியில் ஓடி ஓடி வாசித்தார்களாம். நாட்டின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அடுத்தவர் வீட்டு விவகாரத்தைச் சந்திக்கு இழுக்க நமக்கு யோக்கியதை கிடையாது என்பது இந்தக் கதை முடிவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அந்த நாட்டின் தேர்தல் முறையைச் சீர்திருத்த உதவுகிறோம் என்று சென்னையில் உள்ள மக்களாட்சி வலுவூட்டல் மையம் முன்வந்தது. அந்த மையத்துக்குத் தொழிலே அதுதான். உலகத்தில் எங்கே மக்களாட்சி தள்ளாடினாலும் இங்கேயிருந்து தோள்பை, பேனா, கழுத்தில் மாட்டும் அட்டை, முந்திரி போட்ட பிஸ்கட் சகிதம் ஒரு பயிலரங்கு கிளம்பிவிடும். அதன் இயக்குநர் டாக்டர் தணிகாசலம் பெரிய பதவிகளில் இருந்து ஓய்வுபெற்றவர். இதுவரை எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை என்பதால் எந்தத் தேர்தலிலும் தோற்றதில்லை.

வருகிற விருந்தாளிகளுக்கு ஒரு தேர்தலை நேரில் காட்டவேண்டும். அந்த வாரம் பார்த்துப் பக்கத்தில் எங்கேயும் தேர்தல் இல்லை. நிஜத் தேர்தலைக் காட்டுவதில் டாக்டருக்கு இஷ்டமும் இல்லை. அதில் என்ன முடிவு வருமென்று முன்கூட்டியே நிகழ்ச்சி நிரலில் போட முடியாதாம். காஞ்சிபுரம் என்றால் கோயில் பார்க்கலாம், புடவை எடுக்கலாம், இருட்டுவதற்குள் சென்னைக்குத் திரும்பிவிடலாம். இப்படியாகத்தான் இரண்டு ஜனாதிபதிகளின் தலைவிதி, பிள்ளையார்பாளையத்தில் உள்ள தறிகாத்த விநாயகர் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் மாடிப்படி ஏறி வந்தது.

சங்கத்தின் தலைவர் பரமசிவம் அப்போது மின்விசிறிக்கு நேர் கீழே, பூத்துவாலை போர்த்திய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இருபது வருடமாக அந்த நாற்காலி அவருடையது. வயது அறுபதைத் தொட்டுவிட்டது. தன்னைச் சுற்றி நாலு பேர் தலையாட்டினால் அதை நாட்டு மக்களின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் வெள்ளை மனசு.

"கடைசியாக எப்போது எலெக்‌ஷன் நடந்தது?" என்று டாக்டர் கேட்டார்.

"அஞ்சு வருஷத்துக்கு ஒருவாட்டி தவறாம நடக்குதுங்க."

"வன்முறை?"

"சேச்சே. எங்க ஊர்ல ஏதுங்க?"

"கள்ள ஓட்டு?"

"ஓட்டே கெடையாதுங்களே. ஒருமனதா நாந்தாங்க."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு எழுந்து நின்று பரமசிவத்தின் கையைக் குலுக்கினார். "இருபது வருஷமாக ஒரு கள்ள ஓட்டுகூட விழாத தேர்தல்! இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்" என்றார். பரமசிவத்துக்கு மார்பு ஒரு சுற்று அகன்றது.

ஒருமனது என்பது அந்தச் சங்கத்தில் எப்படி நடக்கும் என்பதைச் சொல்லவேண்டும். மனுத் தாக்கல் நாளன்று உறுப்பினர்கள் எல்லோரும் கூடுவார்கள். "வேற யாராச்சும் நிக்கிறீங்களாப்பா?" என்று செயலாளர் சிவபாலன் கேட்பார். எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். முந்தின நாளே சொல்லிவைத்த மாலை அந்த நேரம் பார்த்து உள்ளே வரும். வாங்கிய மாலையை வீணாக்க முடியுமா? எப்போதாவது ஒரு இளவட்டம் தொண்டையைச் செருமினால், பக்கத்தில் இருக்கிறவர் தொடையில் கைவைத்து, "எதுக்குப்பா மனஸ்தாபம்?" என்பார். அத்தோடு சரி. அந்த ஊரில் ஒருவர் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்வது, பந்தியில் இலையைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிற மாதிரியான காரியம். தனக்குக் கிடைத்த இருபது வருடமும் இந்த நாகரிகத்தின் புண்ணியம்தான் என்று பரமசிவத்துக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஆனால் டாக்டர் ஒரு சிக்கலைச் சொன்னார். ஒருமனதைக் காட்டினால் வருகிறவர்களுக்குப் புரியாது. அவர்கள் நாட்டில் அந்தக் கலை இன்னும் வளரவில்லை. ஆகவே ஒரு மாதிரி வாக்குப்பதிவு நடத்தவேண்டும். பேருக்கு ஒரு எதிர் வேட்பாளர் வேண்டும். அவர் தோற்கவேண்டும், தோற்றபின் மேடையில் ஏறித் தோல்வியை ஏற்றுப் பேசவேண்டும். நிகழ்ச்சி நிரலில் அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கியாகிவிட்டது. பிடித்துப்போனால் மையம் சங்கத்தை 'மக்களாட்சி முன்மாதிரி அமைப்பு' என்று அறிவித்துக் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் தரும். அடுத்த மாதம் நிஜத் தேர்தல் வருகிறது. அந்தச் சான்றிதழ் சுவரில் தொங்கினால் இன்னும் ஐந்து வருடத்துக்கு யாரும் தொண்டையைக்கூடச் செரும மாட்டார்கள் என்று பரமசிவம் கணக்குப் போட்டார்.

எதிர் வேட்பாளர் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பாக இருந்தது. "உங்கள எதிர்த்து நான் நிக்கிறதா? நாளைக்கு உங்க மூஞ்சில எப்படி முழிப்பேன் தலைவரே?" என்று சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்த ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொருவர் தெருமுனையில் பரமசிவத்தைப் பார்த்ததும் சைக்கிளைத் திருப்பினார். சிவபாலனுக்கு அன்று பார்த்துக் காய்ச்சல் வந்தது.

"ஐயம்பேட்டை நதியாவைக் கேளுங்களேன்" என்றாள் மனைவி இந்திராணி. அவளும் சங்கத்து உறுப்பினர்தான். "மாசாமாசம் உங்களாண்ட வந்து தறிக்கூடத்துல தண்ணி நிக்குது, தண்ணி நிக்குதுன்னு சொல்லிக்கினு இருக்குதே அந்தப் பொண்ணு. ஊர்லயே உங்களை எதிர்த்துப் பேசறது அது ஒண்ணுதான்."

வீட்டில் தறி போட இடம் இல்லாதவர்களுக்காகச் சங்கம் ஐயம்பேட்டையில் ஒரு தறிக்கூடம் வைத்திருந்தது. நதியா அங்கேதான் நெய்தாள். அவளுடையது, தாத்தா காலத்தில் தாமல் ஏரிப் பாசனத்தில் ஊரார் நிலங்களில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அவள் நெசவு கற்று உறுப்பினர் ஆகியிருந்தாள். கணவன் கிறிஸ்டோபர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அந்தக் கூடத்தில் எல்லாம் குழித்தறி. நெய்கிறவர் மேட்டில் உட்கார்ந்து, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிபலகையை மிதிக்கவேண்டும். மழை பெய்தால் குழியில் தண்ணீர் ஊறும். வாளியால் இறைத்துவிட்டு நெய்யவேண்டும், நெய்து முடிப்பதற்குள் மறுபடி ஊறிவிடும். கூடத்தின் தரையை உயர்த்திக் கட்டித் தரச் சொல்லி அவள் கேட்கும் ஒவ்வொரு முறையும் பரமசிவம் சிரித்த முகமாக அனுப்பிவைப்பார். அவர் ஒருபோதும் மறுத்ததில்லை, செய்ததும் இல்லை.

"சும்மா நிக்கணுமா, நெஜமா நிக்கணுமா தலைவரே?" என்று நதியா கேட்டாள்.

"சும்மாதாம்மா. ஆப்பிரிக்காக்காரங்களுக்குக் காட்டறதுக்கு."

"சும்மா நின்னாலும் மைக்ல பேசலாமா?"

"மூணு நிமிஷம் பேசணும்னு போட்டிருக்குது."

"அப்ப நிக்கிறேன்" என்றாள்.

புரட்டாசி முதல் வாரத்தில் விருந்தாளிகள் சங்கத்தின் மாடிக் கூடத்துக்கு வந்தார்கள். மொத்தம் மூன்று பேர். தேர்தல் ஆணையத்தைச் சேர்ந்த மரியாமா என்ற அம்மையார், ஒரு நெட்டையான கட்சிக்காரர், கண்ணாடி போட்ட இன்னொரு கட்சிக்காரர். யார் ஆளுங்கட்சி என்று கேட்டதற்கு இருவரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். மரியாமாவுக்கு வலப்பக்கத்தில்தான் உட்காருவேன் என்று இருவரும் பிடிவாதமாக நின்றதால், ஒருவருக்குப் பின்னால் ஒருவராக நாற்காலி போட்டார்கள். அப்புறம் யார் முன்னால் என்ற பேச்சு வந்தது. அதைத் தீர்க்க, அரைமணிக்கு ஒருதரம் இடம் மாற்றுவது என்று டாக்டர் ஒரு ஒப்பந்தம் கொண்டுவந்தார். பொன்னாடை போர்த்தும்போது இரண்டு பேர் இரண்டு பக்கமிருந்து, 'ஒன்று, இரண்டு, மூன்று' சொல்லி ஒரே நேரத்தில் போர்த்தினார்கள்.

உள்ளூர்ப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டார்கள். குத்துவிளக்கு ஏற்றும்போது மெழுகுவத்தியை முதலில் யார் கையில் கொடுப்பது என்று நம்மவர்களுக்குள் நடந்த தள்ளுமுள்ளு அடங்கவே கால்மணி ஆனது என்பது அப்போது யாருக்கும் நினைவில்லை.

டாக்டர் பேசினார். ஆயிரம் வருடத்துக்கு முன்பே பக்கத்து உத்திரமேரூரில் குடவோலை முறையில் தேர்தல் நடந்ததை உணர்ச்சியோடு எடுத்துரைத்தார். அடுத்துப் பேசிய இருவரும் அதையே எடுத்துரைத்தார்கள். நான்காவதாக வந்த பரமசிவம் வேறு எதுவும் தயாரித்திருக்கவில்லை என்பதால் அவரும் எடுத்துரைத்தார். மையத்தின் மொழிபெயர்ப்பாளர் அபிநயா முதல்முறை முழுதாக மொழிபெயர்த்தாள். அப்புறம் "மறுபடியும் அதே" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

பின்பு மரியாமா எழுந்தார். அபிநயா தமிழில் சொன்னாள்: "எங்கள் நாட்டில் பெட்டி இருக்கிறது, மை இருக்கிறது, உங்களைப் போன்ற நண்பர்கள் கொடுத்த தோள்பைகள் ஏராளமாக இருக்கின்றன. தோற்றவர்தான் இல்லை. சுதந்திரம் வந்த நாளிலிருந்து எங்கள் நாட்டில் யாரும் தேர்தலில் தோற்றதே கிடையாது. ஜெயித்தவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள் என்று இரண்டு வகை மட்டும்தான் உண்டு. நாங்கள் ஒரு தோற்றவரைப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்."

"நோ ப்ராப்ளம் மேடம், ஏற்பாடு செய்திருக்கிறோம்" என்று டாக்டர் நதியாவைக் கைகாட்டினார். நதியா எழுந்து கும்பிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

வேட்பாளர்களுக்கு மையமே சின்னம் கொண்டுவந்திருந்தது. பரமசிவத்துக்கு விமானம், நதியாவுக்கு வாளி. பரமசிவம் சங்கம் கண்ட வளர்ச்சியைப் பற்றி மூன்று நிமிடம் என்பதைப் பதினைந்தாக நீட்டிப் பேசினார். நதியா மைக்கைப் பிடித்தாள். ஒருதரம் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"எனக்கு வாளி சின்னம் குடுத்திருக்காங்க. வாளி எதுக்குன்னு ஐயம்பேட்டைக் கூடத்துல நெய்யறவங்களுக்கு நான் சொல்ல வேணாம். காலு மரத்துப்போய் மிதிக்கிறது தெரியாம மிதிச்சுக்கினு இருக்கோம். வள்ளியக்காவுக்கு ரெண்டு காலும் வீங்கிக்கெடக்குது. தரையை ஒசத்திக் கட்டணும். நான் கேக்கறது அவ்ளோதான்." மீதி இரண்டு நிமிடத்தை மிச்சம் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வாக்குப்பதிவு ஆரம்பிக்கும்போது ஒரு தகராறு. விரலில் மை வைக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. "தறியில எலுமிச்சை மஞ்சள்ல கல்யாணப் புடவை இருக்குது. மைக் கையோட பட்டைத் தொட்டா நீங்களா பதில் சொல்வீங்க?" என்று முதல் ஆளே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நெசவாளிக்குக் கைதானே எல்லாம். டாக்டர் கெஞ்சிப் பார்த்தார், சட்டம் பேசிப் பார்த்தார். கடைசியில் காலில் வைத்துக்கொள்கிறோம் என்று ஒத்துக்கொண்டார்கள். அப்புறம் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றி, ஸ்டூல்மேல் காலைத் தூக்கி வைத்து, கட்டைவிரலில் மை வாங்கிக்கொண்டு நொண்டியடித்தபடி போய் ஓட்டுப் போட்டார்கள்.

நெட்டையானவரும் கண்ணாடிக்காரரும் குனிந்து பார்த்துக் குறிப்பு எழுதினார்கள். இதன் தாத்பரியம் என்ன என்று கேட்டார்கள். டாக்டர் இமைகூடத் தட்டவில்லை. "தமிழர் மரபில் வாக்களிப்பது கையின் வேலை இல்லை. குடிமகன் தன் மண்ணில் ஊன்றி நிற்கும் காலால் தீர்ப்பு வழங்குகிறான்" என்றார். அபிநயா அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தாள்.

பரமசிவம் மறைப்புக்குள் போனார். சீட்டில் விமானமும் வாளியும் இருந்தன. தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்வது, விருந்துக்குப் போன இடத்தில் கரண்டியைப் பிடுங்கித் தானே பரிமாறிக்கொள்கிற மாதிரி அவருக்குப் பட்டது. எப்படியும் தான் ஜெயிக்கப்போகிறோம். பாவம் அந்தப் பொண்ணு, ஒரு ஓட்டும் விழாமல் ஊர் முன்னால் அவமானப்பட வேண்டாமே. பெருந்தன்மையோடு வாளியில் குத்தினார். வெளியே வரும்போது தன்னை நினைத்து அவருக்கே கண் கலங்கியது.

எண்ணும் வேலை, காய்ச்சல் தெளிந்து வந்திருந்த சிவபாலனுடையது. சீட்டைப் பிரித்துத் தூக்கிக் காட்டி உரக்கச் சொல்லவேண்டும்.

"வாளி" என்றார். கூடம் புன்னகை செய்தது. "வாளி" என்றார் மறுபடி. "வாளி." நாலைந்து வாளிக்குப் பிறகு சிவபாலனின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. பத்துப் பதினைந்து வாளிக்குப் பிறகு பரமசிவத்தின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். இடையில் ஒரே ஒரு விமானம் வந்தது. அதைக் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி, "விமானம்!" என்று கத்தினார். அதன் பிறகு கடைசிவரை வாளிதான்.

அப்புறம் ஒவ்வொருவராகப் பரமசிவத்தின் பக்கம் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, காதில் சொன்னார்கள்.

"தலைவரே, தப்பா நெனச்சுக்காதீங்க. எல்லாரும் உங்களுக்குத்தான் போடுவாங்க, அந்தப் பொண்ணுக்கு ஒண்ணாச்சும் விழட்டுமேன்னு போட்டேன்."

"நானும் அப்படித்தான் தலைவரே. பாவம்னு."

சங்கத்தில் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே இரக்கம் சுரந்திருந்தது. பரமசிவமும் அதே இரக்கத்தில் குத்தியவர் என்பதால் நம்பாமல் இருக்க முடியவில்லை. ஆனால் ஐயம்பேட்டைக் கூடத்துக்காரர்கள் மட்டும் காதில் வந்து சொல்லவில்லை. தங்கள் இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு அவர் அந்தப் பக்கம் மறுபடி திரும்பவில்லை.

டாக்டர் மைக்கைப் பிடித்தார். "ஒரு விஷயத்தை நாம் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தேர்தல் வேறு, முடிவு வேறு. நாம் இன்று காட்ட வந்தது தேர்தலை. முடிவு என்பது ஒரு துணை விளைவு. வாக்காளர்கள் உணர்ச்சிவசப்பட்டு எடுத்த முடிவை அவர்களிடமிருந்தே காப்பாற்றும் பொறுப்பு நம்மைப் போன்ற நிறுவனங்களுக்கு உண்டு. எனவே, தொழில்நுட்பக் காரணங்களால் இந்த எண்ணிக்கையை ஒத்திகையாகக் கருதி, நிகழ்ச்சி நிரலில் உள்ளபடி திரு. பரமசிவம் அவர்களை..."

கூடத்தில் பெரிதாக ஒரு சிரிப்புக் கேட்டது. நெட்டையானவரும் கண்ணாடிக்காரரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். வந்ததிலிருந்து அவர்கள் ஒருவரையொருவர் தொட்டது அதுதான் முதல் தடவை. "எங்கள் ஊருக்கே திரும்பி வந்துவிட்ட மாதிரி இருக்கிறதாம்" என்று அபிநயா சொன்னாள்.

மரியாமா சிரிக்கவில்லை. கைப்பேசியை எடுத்துப் படம்பிடிக்கத் தயாராக வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். "தோற்றவர் பேசுவதாக நிரலில் இருக்கிறதே, எப்போது என்று கேட்கிறார்" என்றாள் அபிநயா.

எல்லோரும் பரமசிவத்தைப் பார்த்தார்கள். டாக்டரும் பார்த்தார். கண்ணாலேயே 'வேண்டாம்' என்றார். உட்கார்ந்தே இருந்திருக்கலாம். ஒரு மாலை எங்கேயோ தயாராகத்தான் இருந்தது. ஆனால் கடல் தாண்டி வந்த ஒரு அம்மாள் கேட்டு, அவர் முகத்துக்கு நேரே முடியாது என்று எப்படிச் சொல்வது? பரமசிவம் எழுந்தார்.

தோல்வி உரையை மையம் நதியாவுக்காக முன்பே தட்டச்சு செய்து மேடையில் வைத்திருந்தது. வேறு தாள் இல்லாததால் பரமசிவம் அதையே எடுத்து வாசித்தார். "எளிய குடும்பத்துப் பெண்ணாகிய நான்..."

கூடமே கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். தாளை மடித்து ஜிப்பாப் பையில் வைத்துக்கொண்டார். எத்தனையோ ஏற்புரை பேசியவருக்கு இதற்கு ஒரு வார்த்தையும் அகப்படவில்லை.

"நான் தோத்துட்டேன்" என்றார். "நதியா ஜெயிச்சிடுச்சு. அது நல்லா நடத்தட்டும்." அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மரியாமா கைப்பேசியை இறக்கவில்லை. "அவ்வளவுதானா என்று கேட்கிறார்" என்றாள் அபிநயா.

"அவ்ளோதாம்மா. அதுக்கு மேல பேசினா தோத்த மாதிரி இருக்காதுன்னு சொல்லு."

கூட்டம் கலையும்போது நதியா அவரிடம் வந்தாள். கொஞ்சம் தயங்கினாள். "அந்த ஒரு விமானம் நாந்தான் போட்டேன் தலைவரே. உங்களுக்கு ஒண்ணுகூட விழலைன்னா நல்லா இருக்காதேன்னு" என்றாள். பரமசிவம் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். இந்திராணி முந்தானையைச் சரிசெய்துகொண்டு மின்விசிறியைப் பார்த்தாள்.

பரமசிவத்தின் அந்தச் சின்னத் தோல்விப் பேச்சு என்ன பாடு படுத்தும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. மரியாமா எடுத்த படம் அவர் நாட்டில் வீடுவீடாகப் போனது. இரண்டு கட்சியும் அதைப் போட்டுப் பார்த்து உள்ளம் நெகிழ்ந்தன. இது மாபெரும் உரை, எதிர்க்கட்சித் தலைவர் இதை மனப்பாடம் செய்யவேண்டும் என்று இரண்டு கட்சியும் தனித்தனியே அறிக்கை விட்டன. டாக்டரின் மையம் இறுதிப் பரிந்துரை அனுப்பியது. அதில் இருந்த ஒரே சீர்திருத்தம் கால் கட்டைவிரலில் மை வைப்பது.

படம் காஞ்சிபுரத்துக்கும் திரும்பி வந்தது. பரமசிவத்துக்குக் காலம் மாறியது. ஜெயித்த காலத்தில் நாலு பேருக்குத் தெரிந்தவர், தோற்றபின் பஸ் ஸ்டாண்டு வரை தெரிந்தவர் ஆனார். கல்யாண வீடுகளில் முதல் வரிசை கிடைத்தது. வணிகர்கள் ஒன்றுகூடி 'தோல்விச் செம்மல்' என்று பட்டம் கொடுத்தார்கள். அவரும் கூச்சப்படாமல் போய் வாங்கிக்கொண்டார். அந்த விழாவில் தோல்வியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

நிஜத் தேர்தலுக்கு மனுத் தாக்கல் நாள் வந்தது. பழக்கதோஷத்தில் பரமசிவம் தன் மனுவைக் காலையிலேயே கொடுத்துவிட்டார். அப்புறம் நதியா படியேறி வந்து தன்னுடையதைக் கொடுத்தாள். கூடத்தில் முணுமுணுப்பு கிளம்பியது.

"இன்னாம்மா இது?" என்றார் சிவபாலன் தாழ்ந்த குரலில். "எவ்ளோ பெருந்தன்மையா தோத்த மனுஷன்! அவரைப் போய் எதிர்த்து நிக்கலாமா?"

"உலகமே பாராட்டிக்கினு இருக்குது. இப்பப் போய் மனஸ்தாபம் எதுக்கு?" என்றார் இன்னொருவர். தோற்றதற்குப் பரிசாகப் பரமசிவத்தை ஒருமனதாகத் தலைவராக்கிவிடுவது என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். வாசலில் மாலை வந்து இறங்கிவிட்டது. சாமந்தி வாசனை மாடிவரை வந்தது.

நதியாவின் முகம் சுருங்கிப்போனதைப் பரமசிவம் பார்த்தார். பேசாமல் இருந்தால் போதும், நாற்காலி அவருடையது. தனக்கு எந்த அளவுக்கு அந்த நாற்காலி வேண்டியிருக்கிறது என்பதை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலேயே எழுந்து நதியாவிடம் போனார்.

"நீ நில்லும்மா. நான் வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார். சொன்ன கையோடு, தன்னைப் போல ஒரு உத்தமன் உண்டா என்றும் தோன்றிவிட்டது.

"வேணாம் தலைவரே."

"ஏம்மா?"

"நீங்க வாபஸ் வாங்கினா நானும் ஒருமனதாதான் ஆவேன். அந்த மாலையை எனக்குத் திருப்பிப் போடுவாங்க, நாளைக்கு நான் எது சொன்னாலும் தரையைப் பாத்துக்கினு ஒக்காந்திருப்பாங்க. வேணாம். ஓட்டுல ஜெயிக்கணும் நான். நீங்க நில்லுங்க."

"நின்னா தோத்துடுவேனேம்மா."

"ஆமா" என்றாள் நதியா. "அதுக்குத்தான் கேக்கறேன். வேற யாரு இருக்காங்க எனக்கு?"

பரமசிவம் மனுவைத் திரும்ப வாங்கவில்லை. மரியாமா அவ்வளவு தூரம் பறந்து வந்து தேடிய ஆள் தானேதான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டம் வாங்கியபோது உறைக்கவில்லை. சிவபாலன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மாலையைப் பிள்ளையாருக்குச் சாற்றிவிட்டு வந்தார்.

தோற்பதாக இருந்தாலும் ஓட்டுக் கேட்கத்தானே வேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு முற்பகலில் பரமசிவம் குடையோடு ஐயம்பேட்டைக்குப் போய் இறங்கினார். தறிக்கூடத்தின் வாசலில் நின்று கைகூப்பினார். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. இருபது வருடத் தலைவருக்கு ஓட்டுக் கேட்கத் தெரியாது.

"உள்ள வாங்க தலைவரே, ஏன் நனைஞ்சுக்கினு நிக்கிறீங்க?" என்றாள் வள்ளி, தன் தறியில் இருந்தபடி.

உட்கார வேறு இடம் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் ஆள் இல்லாத ஒரு தறி மேட்டில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தால் காலைக் குழிக்குள்தான் விடவேண்டும். விட்டார். தண்ணீர் கெண்டைக்கால் வரை ஏறியது. முதுகுத்தண்டு சிலிர்த்தது.

"இன்னாம்மா, இப்படி ஜில்லுனு இருக்குது?"

"மத்தியானம் இன்னும் ஏறும்" என்றாள் வள்ளி.

தரையை உயர்த்திக் கட்டித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். அதைத்தான் நதியா சொல்லிவிட்டாளே, அவளைத்தானே நம்பப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார். கடைசியில் வெறுமனே கேட்டார்.

"எனக்கு ஓட்டுப் போடுவியாம்மா?"

கேட்டுவிட்டு, 'அதுக்கென்ன தலைவரே, இதைப் போய் நீங்க கேக்கணுமா' என்ற பதிலுக்காகக் காத்திருந்தார். ஊரில் வேறு பதில் அவர் கேட்டதே கிடையாது.

வள்ளி ஊடைநூல் நாடாவைத் தறியில் ஓட்டிக்கொண்டே அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "போட மாட்டேன் தலைவரே" என்றாள். "டீ சொல்லட்டுமா?"

சுருக்கென்று வலித்தது, பொய் சொல்வானேன். ஆனால் இவ்வளவு வருடத்தில் அந்தச் சங்கத்தில் தன்னிடம் ஒருவர் பேசியதை அவர் முழுசாக நம்பியதும் அப்போதுதான். காலை வெளியே எடுக்கவில்லை.

"சொல்லும்மா" என்றார் பரமசிவம். டீ வருவதற்குள் அடுத்த தறிக்காரரிடம் திரும்பி, அவருடைய ஓட்டையும் கேட்டார்.